கூட்டாக வீடு வாங்கப் போகிற பிள்ளைகளுக்கு

கோவில்பட்டியிலிருந்து எந்தச் சாலையில் வெளியேறினாலும், பருத்தியும் உளுந்தும் கண்ட காட்டில் இப்போது வெள்ளையடித்த மனைக்கல் நிற்கிறது. இலுப்பையூரணி, பாண்டவர்மங்கலம், மந்தித்தோப்பு, இனாம் மணியாச்சி என்று நாலாபக்கமும் வீடுகள் பரவிவிட்டன. டவுனுக்குள் லாரி இரைச்சலில் சலித்தவர்கள் கொஞ்சம் மரம், கொஞ்சம் காற்று என்று வெளியே கிளம்புகிறார்கள். தனியாக வாங்கத் தெம்பில்லாதபோது கூட்டுச் சேர்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி, அண்ணன் தம்பி, ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் இரண்டு டீச்சர்கள் என்று எல்லா ஜோடியும் உண்டு. பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், அதே பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீலைத் தேடி ஓடியவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்வது இது.

1. யாருக்கு எவ்வளவு பங்கு என்பது கிரயப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். அண்ணன் 12 லட்சம், தம்பி 8 லட்சம் போட்டு 20 லட்சத்துக்கு வாங்குகிறார்கள் என்று வையுங்கள். பத்திரத்தில் இரண்டு பேர் பெயர் மட்டும் இருக்கிறது, பங்கு இல்லை. 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டம் என்ன சொல்கிறது? போட்ட பணத்தின் விகிதத்தில் பங்கு. யார் எவ்வளவு போட்டார்கள் என்று காட்ட முடியாவிட்டால் சரிபாதி. இருபது வருஷம் கழித்து எந்த வங்கிப் புத்தகத்தைத் தேடுவீர்கள்? அண்ணன் மகனும் தம்பி மகனும் நிற்கும்போது, போட்டவர்கள் சாட்சிக்கு இருக்கவே மாட்டார்கள். "ஐந்தில் மூன்று பங்கு இன்னாருக்கு, ஐந்தில் இரண்டு பங்கு இன்னாருக்கு" என்று எழுதச் சொல்லுங்கள். கிரயத் தொகை பற்றிய பத்தியில் யாருடைய கணக்கிலிருந்து எந்தக் காசோலை, எந்தத் தேதி என்பதும் வர வேண்டும். கையில் ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது.

2. சேரும்போதே பிரிவதையும் எழுதுங்கள். இதைச் சொன்னால் முகம் சுளிப்பார்கள். "நல்ல காரியம் நடக்கும்போது இதென்ன பேச்சு அண்ணாச்சி" என்பார்கள். இப்படி எழுதிவைத்தவர்கள் பிறகும் ஒரே பந்தியில் சாப்பிடுகிறார்கள், எழுதாதவர்கள்தான் கோர்ட் வராந்தாவில் முகம் பார்க்காமல் நிற்கிறார்கள்.

கூட்டுச் சொத்தில் ஒருவர் நினைத்தால் எந்த நாளும் பாகப் பிரிவினை கேட்டு வழக்குப் போடலாம். காடாக இருந்தால் வரப்புப் போட்டுப் பிரிக்கலாம். வீட்டை எப்படி வெட்டுவது? அதற்காகவே 1893இல் பாகப் பிரிவினைச் சட்டம் வந்தது. பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பங்கிடச் சொல்ல அதில் வழி இருக்கிறது. அந்த நிலைக்குப் போகும் முன் வருஷங்கள் ஓடிவிடும், வீட்டுக்கு யாரும் வெள்ளையடிக்கக்கூட மாட்டார்கள்.

ஆகையால் பத்திரத்தோடு தனியாக ஓர் ஒப்பந்தம் போடுங்கள். விலக நினைப்பவர் முதலில் கூட்டாளியிடம்தான் கேட்க வேண்டும். விலையை யார் மதிப்பிடுவது, பணம் கட்ட எத்தனை மாதம், கூட்டாளியால் முடியாவிட்டால் வீட்டை முழுதாக விற்பதா, அதுவரை வரியையும் பழுதுபார்ப்பையும் யார் கட்டுவது, இவ்வளவும் அதில் இருக்க வேண்டும். உறவுக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. குடும்ப உறுப்பினர்களுக்குள் பாகப் பிரிவினை, விடுதலை, செட்டில்மெண்ட் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதுவும் 40,000 ரூபாயைத் தாண்டாது. பதிவுக் கட்டணம் 10,000 ரூபாயைத் தாண்டாது. பாகப் பிரிவினை என்றால் இந்த இரண்டு வரம்பும் ஒவ்வொரு பங்குக்கும் தனித்தனி. 2023 ஜூலையில் உயர்த்திய பிறகுள்ள கணக்கு இது. சிநேகிதர்கள் கூட்டாக வாங்கினால் இந்தச் சலுகை கிடையாது. இரண்டு டீச்சர்களில் ஒருவர் மாற்றலாகிப் போய் மற்றவருக்குத் தன் பங்கை எழுதிக் கொடுப்பதென்றால் செலவு கடிக்கும். அதை யார் ஏற்பது என்பதையும் முதலிலேயே பேசிவிடுங்கள்.

3. பாகம் பிரியாத பூர்வீக வீட்டில் ஒரு பங்கை மட்டும் மலிவாகத் தருகிறேன் என்று எவர் வந்தாலும் வாங்காதீர்கள். விற்க அவருக்கு உரிமை உண்டுதான். ஆனால் குடும்பம் குடியிருக்கும் வீட்டில் வெளியாள் பங்கு வாங்கினால், அந்தக் குடும்பத்தோடு கூடி அனுபவிக்கும் உரிமை அவருக்கு வராது. பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்துப் பங்காளி அந்தப் பங்கை மதிப்பிட்ட விலைக்கு நானே எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்கலாம். முதலாவது 1882 சட்டத்தில் இருக்கிறது, இரண்டாவது 1893 சட்டத்தில். பணத்தைக் கொடுத்துவிட்டு வாசலில் நிற்பதற்கு எதற்குக் கிரயம்?

4. விற்பவர் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். பெண்பிள்ளைகளைக் கேட்டால், "அவளுக்குத்தான் சீர் செஞ்சு அனுப்பியாச்சே" என்பார்கள். அது சட்டத்தில் செல்லாது. தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் பங்கு வந்தது, அப்போது கல்யாணமாகியிருந்தவர்களை விட்டுவிட்டு. 2005இல் மத்தியச் சட்டம் அந்த விலக்கையும் எடுத்துவிட்டது. 2020இல் உச்ச நீதிமன்றம், அப்பா 2005இல் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்பதுகூட இல்லை என்று தீர்த்துச் சொன்னது. கையெழுத்து வாங்காத அக்காவோ தங்கையோ பிற்பாடு வந்து நின்றால், உங்கள் கூட்டுக்குள் அழைக்காத ஒரு பங்காளி வந்துவிட்டார் என்று அர்த்தம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளையின் பங்கு இருந்தால், நீதிமன்ற அனுமதி இல்லாமல் அப்பாவோ அம்மாவோ விற்க முடியாது. விற்றால் அந்தப் பிள்ளை மேஜரானபின் மூன்று வருஷத்துக்குள் எதிர்த்து வழக்குப் போடலாம். வில்லங்கச் சான்றில் இதெல்லாம் தெரியாது. அதில் பதிவானவை மட்டும்தான் வரும். வாரிசுச் சான்றையும் சேர்த்துப் பாருங்கள்.

5. வளைகுடாவில் இருக்கிற தம்பி பணம் அனுப்புகிறான், அண்ணன் பெயரில் மட்டும் வாங்குகிறார்கள். நம் பக்கம் இது சர்வசாதாரணம். 2016இல் திருத்திய பினாமிச் சட்டப்படி இது ஆபத்து. ஒருவர் பணத்தில் மனைவி, பிள்ளைகள் பெயரில் வாங்க விலக்கு இருக்கிறது. அண்ணன், தம்பி, அக்கா, தங்கை, பெற்றோர் என்றால் பணம் போட்டவரும் பத்திரத்தில் கூட்டு உரிமையாளராக இருக்க வேண்டும், பணம் எங்கிருந்து வந்தது என்பது தெரிய வேண்டும். நம்பிக்கை இல்லாமல் இல்லை, சட்டத்துக்காக எழுதுகிறோம் என்று அண்ணனிடம் சொல்லிவிடுங்கள். அண்ணன் நல்லவராக இருந்தால் கோபப்பட மாட்டார்.

6. கூட்டில் ஒருவர் காலமானால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாக வந்து சேராது. இது பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. புருஷனும் மனைவியும் சரிபாதியாக வாங்கிய வீட்டில் புருஷன் உயில் எழுதாமல் போய்விட்டால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய பாதி, மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவருடைய அம்மாவுக்கும் சமமாகப் பிரியும். மாமியாரும் மருமகளும் ஒத்துப்போனால் சரி. இல்லாவிட்டால் வீட்டை அடமானம் வைக்கக்கூட அந்த அம்மாள் கையெழுத்து வேண்டும். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் வேறு கணக்கு. வீடு வாங்கிய கையோடு இரண்டு பேரும் தனித்தனியாக உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சி போதும். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். வங்கியில் போட்ட நாமினி, சொத்துக்கு வாரிசு ஆகிவிட மாட்டார்.

7. இனி மண். இதில் நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லேஅவுட் போடுகிறவர்கள் மேலே ஒரு சாண் உயரத்துக்குச் சரளையோ செம்மண்ணோ பரப்பி ரோலர் ஓட்டிவிடுவார்கள். பார்க்கச் செவக்காடு மாதிரி இருக்கும். ஒரு கடப்பாரை கொண்டுபோய் இரண்டடி தோண்டுங்கள். கறுப்பாக, நனைத்தால் விரலில் ஒட்டிப் பிசுபிசுவென்று வந்தால் அது கரிசல்தான். கரிசல் கெட்ட மண் இல்லை, நம் பாட்டன் பூட்டனுக்குச் சோறு போட்ட மண். வீட்டுக்குத்தான் ஆகாது. அதில் இருக்கும் மான்ட்மோரிலோனைட் என்கிற களித்தாது ஐப்பசி மழையில் தண்ணீரைக் குடித்து உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கிக் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். மேலே நிற்கிற வீடும் வருஷா வருஷம் அதோடு ஏறி இறங்கும். சுற்றுவட்டாரத்தில் பழைய வீடுகளைப் போய்ப் பாருங்கள். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசலும், மழைக்காலத்தில் மூடாத கதவும் மண்ணின் குணத்தைச் சொல்லிவிடும்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. ரூர்க்கியில் இருக்கும் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசலுக்கென்றே அண்டர் ரீம்டு பைல் என்ற அடித்தளத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. குழி போட்டு, அடியில் மட்டும் குடம்போல் அகலப்படுத்திக் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். மண் உப்பி மேலே தள்ளினாலும் அந்த அடிவயிறு பிடித்துக்கொள்ளும். ஆழமான கரிசலில் பைல் குறைந்தது மூன்றரை மீட்டர் இறங்க வேண்டும். பைலின் மேல் போடும் பீமுக்கும் கீழே மண்ணுக்கும் நடுவே இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் மண் உப்பும்போது பீமை நெம்பும். கட்டின வீடாக வாங்கினால் "அடித்தளம் என்ன போட்டீர்கள்" என்று வரைபடத்தோடு கேளுங்கள். "நல்லாப் போட்டிருக்கோம்" என்பது பதில் ஆகாது.

கூட்டு வீட்டில் இது இன்னும் முக்கியம். நடுச்சுவரை வைத்து இரண்டு பாதியாகக் கட்டுகிறீர்கள். ஐந்து வருஷத்தில் ஒருவர் மாடி எடுக்கிறார், மற்றவர் எடுக்கவில்லை. ஒரு பக்கம் பாரம் கூடி அந்தப் பாதி அமுங்கினால், விரிசல் மாடி எடுக்காதவர் சமையலறையில் விழும். பிறகு அது மண் தகராறா, மனுஷத் தகராறா என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் பின்னால் வரப்போகும் மாடிக்கும் சேர்த்து ஒரே அடித்தளம் போடுங்கள். செலவை அன்றைக்கே பகிர்ந்துகொள்ளுங்கள்.

8. மரத்துக்காகத்தானே வெளியே போகிறீர்கள்? அதிலும் கரிசல் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. சுவரை ஒட்டி வேம்போ வாகையோ வைத்தால், கோடையில் வேர் அடித்தளத்துக்குக் கீழே இருக்கும் ஈரத்தை உறிஞ்சும். மண் சுருங்கும், அந்த மூலை இறங்கும். மரம் எவ்வளவு உயரம் வளருமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரம் வீட்டைவிட்டுத் தள்ளி வையுங்கள். ஐந்து சென்ட் மனையில் அது நடக்காது. ஆகவே பெரிய மரத்தைத் தெருவிலும் பூங்காவிலும் வைத்து, வீட்டோரம் செம்பருத்தி, நந்தியாவட்டை என்று சிறிய செடிகளோடு நில்லுங்கள். இதற்கு நேரெதிரும் உண்டு. சீமைக்கருவேலம் அடர்ந்திருந்த மனையை வெட்டிச் சுத்தம் செய்த உடனே வீடு கட்டக் கூடாது. வேர் இல்லாத மண் இழந்த ஈரத்தைத் திரும்பக் குடித்து உப்ப ஆரம்பிக்கும். இரண்டு மழையாவது போகட்டும்.

9. பூங்கா என்று சொன்னேன், அதையும் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட்டில் பத்து சதவீத இடத்தைத் திறந்தவெளியாக விட்டே ஆக வேண்டும். அந்த இடத்தையும் தெருக்களையும் ஊராட்சிக்கோ நகராட்சிக்கோ தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்று கேளுங்கள். வண்ணப் படத்தில் பச்சை அடித்த பூங்கா, பத்து வருஷத்தில் கடைசி மனையாக விலை போவதும் உண்டு. அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9இல் தடை போட்டது. அதன்பின் வரன்முறைப்படுத்த வந்த விதிகளில் 2016 அக்டோபர் 20தான் எல்லைக்கோடு. நீங்கள் வாங்கும் மனைக்கு நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் எண் இருக்க வேண்டும். லேஅவுட் 500 சதுர மீட்டருக்கு மேல் என்றால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவிலும் பதிவு இருக்க வேண்டும். இன்னொன்று, ஒப்புதல் பெற்ற ஒரு மனையை இரண்டு பேரும் உங்கள் இஷ்டத்துக்குக் குறுக்கே பிளந்து இரண்டு பத்திரமாக எழுதிவிட முடியாது. உட்பிரிவுக்குத் தனி ஒப்புதல் வேண்டும்.

10. தண்ணீர். டவுனுக்குச் சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி வருகிறது, மனை இருக்கும் ஊராட்சித் தெருவுக்கு வருகிறதா? போர்த் தண்ணீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.

11. "கீழே அண்ணன், மாடியில் தம்பி" என்றால் பத்திரத்தின் சொத்து விவரத்தில் நாலு விஷயம் வர வேண்டும். நிலத்தில் பிரிபடாத பாகம் யாருக்கு எவ்வளவு, மாடிப்படி யாருக்குச் சொந்தம், மொட்டைமாடி யாருடையது, அதற்குமேல் கட்டும் உரிமை யாருக்கு. நாலாவதில்தான் சண்டை வரும். மின் இணைப்பு இரண்டாக இருக்கட்டும், மோட்டாருக்குத் தனி மீட்டர் வையுங்கள். சம்ப் கழுவுவது யார் முறை என்பதையெல்லாம் பத்திரத்தில் எழுத வேண்டாம், அதை மதினிமார்கள் பார்த்துக்கொள்வார்கள்.

12. கூட்டுக் கடனில் பாதிக்குப் பாதி பொறுப்பு என்று எவரும் நினைக்க வேண்டாம். ஒருவர் தவணை கட்டாவிட்டால் வங்கி மற்றவரிடம் முழுக் கடனையும் கேட்கும். கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளை என்றால் கூட்டுக் கடன் எளிதில் கிடைக்கும். சிநேகிதர்கள் என்றால் வங்கி பெரும்பாலும் யோசிக்கும். அதனால் கூட்டுக் கடனை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள், கடன் உறுதியான பிறகு கொடுங்கள்.

13. பாதிப் பணம் கொடுத்துக் குடியேறு, மீதியைப் பையக் கட்டு என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். இங்கிலாந்தில் பாதி வாங்கி மீதிக்கு வாடகை கட்டும் முறை உண்டு. வீட்டில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு மற்றதற்கு வீட்டுவசதிச் சங்கத்துக்கு வாடகை கொடுத்து, முடிந்தபோது பங்கைக் கூட்டிக்கொண்டே போகலாம். அதற்கு அங்கே சட்டம் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. நமக்குப் பழகியது ஒத்திதான். தொகை கொடுத்து வாடகையில்லாமல் குடியிருப்பது, தொகை திரும்பினால் வீட்டை விடுவது. ஒத்தியில் உங்களுக்கு உரிமையாளர் பங்கு எதுவும் வராது, ஆனால் அதையும் பதிவு செய்தால்தான் செல்லும். பதிவில்லாத கிரய ஒப்பந்தத்தை நம்பிப் பாதிப் பணம் கட்டிக் குடியேறியவரை, வீட்டைக் கட்டி விற்றவரே கடனில் விழும்போது வங்கி வெளியே அனுப்பும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுங்கள். நாள் குறியுங்கள். குறித்த நாள் கடந்து மூன்று வருஷத்துக்குள் கிரயம் கேட்டு வழக்குப் போடவில்லையென்றால் உரிமை கைநழுவிவிடும்.

14. பதிவுச் செலவுக்குத் தனியாகப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, 2025 ஏப்ரலிலிருந்து. அக்கா தங்கை இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் இதை நினைவில் வையுங்கள்.

15. பதிவு முடிந்ததும் பட்டாவை இணையத்தில் பாருங்கள். கூட்டுப் பட்டாவில் உங்கள் இரண்டு பேர் பெயரும் எழுத்துப் பிழையில்லாமல் இருக்கிறதா, பழைய உரிமையாளர் பெயர் போய்விட்டதா என்று சரிபாருங்கள். ஒருவர் பெயர் விடுபட்டிருந்தால் அன்றைக்கே மனுப் போடுங்கள். வீட்டு வரி ரசீது ஒருவர் பெயரிலேயே இருபது வருஷம் ஓடினால், அதைக் காட்டி முழு வீடும் என்னுடையது என்று பேசுகிறவர்களும் உண்டு. கடைசியாக மூலப் பத்திரம். வாங்கினவர் இரண்டு பேரானாலும் மூலம் ஒன்றுதான். தொலைந்தால் போலீஸில் புகார், பத்திரிகையில் அறிவிப்பு என்று அலைய வேண்டும். யார் கையில் இருக்கிறது என்பதை நான் இரண்டாவதாகச் சொன்ன ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதுங்கள். மற்றவர் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். கடனுக்காக வங்கியில் கொடுத்திருந்தால், கடன் முடிந்து திரும்ப வாங்கப் போகிற அன்றைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள்.